பலெர்மோவுக்குப் போன ஓரகத்திகள்

நாலு நாள் ஐரோப்பா போய்வரலாம் என்று முடிவெடுத்தவர்கள் என் கணவர் சுந்தரராஜனும், மஸ்கட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் சௌந்தரராஜனும். டிக்கெட் எடுத்தது நாலு பேருக்கு. போனது இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருத்தி நான். இன்னொருவர் என் ஓரகத்தி பத்மா அக்கா.

சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் கோவில்பட்டியில் மாமனார் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மறுநாள் சமையல் என் தலையில் விழுந்தது. அன்று சாயங்காலம் பத்மா அக்கா சங்கரன்கோவிலில் இருக்கும் தன் தங்கைக்கு போனில் ஒரு குரல் செய்தி பேசி அனுப்பினார். "சின்னவ சாம்பார் வச்சா. பருப்பு ஒரு பக்கம் போகுது, புளி ஒரு பக்கம் போகுது. ரெண்டுக்கும் சமாதானம் பேச ஆள் அனுப்பணும்." பேசியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தங்கைக்குப் போகவில்லை. இருபத்தேழு பேர் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அக்கா பதறி அழித்தார். அழிக்கும்போது 'எனக்கு மட்டும்' என்பதை அழுத்திவிட்டார். அவர் போனில் மட்டும் செய்தி மறைந்தது. மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு முறை கேட்டார்கள். நான் நாலு முறை கேட்டுவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினேன்.

நாங்கள் இருப்பது அமீரகத்தில் அல் ஐன். அவர்கள் இருப்பது மஸ்கட்டில் ரூவி. நடுவில் ஓர் எல்லைச் சாவடியும் நாலரை மணி நேரக் கார்ப் பயணமும். பேசாமல் இருப்பதற்கு இதைவிடத் தோதான தூரம் கிடைக்காது.

சுந்தர் கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட்டர். ஒரு சுவருக்கு எத்தனை கல் என்று பார்ப்பவர் விடுமுறையையும் அப்படியே பார்ப்பார். பாரிஸ், லண்டன் என்று ஆசைப்பட்ட என்னை உட்காரவைத்து, "தெற்கு ஐரோப்பாதான் நம்ம கைக்கு அடக்கம். வெயில் இருக்கும், சாப்பாடு மலிவு, ஸ்வெட்டர் வாங்க வேண்டாம்" என்றார். ஏதென்ஸ், லிஸ்பன், வலென்சியா எல்லாம் ஒவ்வொரு காரணத்துக்காக அடிபட்டு, கடைசியில் பலெர்மோ மிஞ்சியது.

"அது எங்க இருக்கு?"

"இத்தாலி ஒரு கால் மாதிரி இருக்கும்ல? அது ஒதைக்கிற பந்து."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே வீட்டில் இரண்டு அறை பிடித்தால் செலவு பாதி என்பது வெளியே சொன்ன காரணம். எங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்தால் பேசிவிடுவோம் என்பது சொல்லாத காரணம். எனக்கு இரண்டும் புரிந்தது. ஆண்கள் இரண்டு பேரும் ஓயாமல் பேசுகிறவர்கள். நடுவில் எங்களுக்குப் பேச இடமே வராது என்ற தைரியத்தில் தலையாட்டினேன்.

பிறகு விசாவுக்குக் கொடுத்தோம். எனக்கும் பத்மா அக்காவுக்கும் பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்தது. அண்ணன் தம்பிக்கு வரவேயில்லை. கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். சுந்தரராஜன், சௌந்தரராஜன், அப்பா பெயர் ஒன்று, போகும் தேதி, தங்கும் வீடு எல்லாம் ஒன்று. ஒரே ஆள் இரண்டு நாட்டிலிருந்து விசா கேட்கிறான் என்று யாரோ குழம்பியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுந்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டிக்கெட் காசு திரும்ப வராது. நீயும் மதினியும் போயிட்டு வாங்களேன்."

நான் எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

"அம்மா, யூ டூ வில் கில் ஈச் அதர்" என்றாள், அந்த நாலு நாளும் தோழி வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்த பதினோரு வயது மகள் நிலா, அவ்வளவு சந்தோஷமாக.

நான் போயிருக்கவே மாட்டேன். ஆனால் மஸ்கட்டிலிருந்து ஒரு தகவல் வந்தது. "நான் போறேன். அவதான் வரமாட்டா" என்று பத்மா அக்கா சொன்னாராம். அதைக் கேட்ட பிறகு வீட்டில் எப்படி இருப்பது? பள்ளிக்கூட ஆபீசில்தான் எனக்கு வேலை. அன்றே லீவு எழுதிக் கொடுத்தேன்.

விமானம் மாறும் இடத்தில்தான் சந்தித்தோம். அக்கா எனக்கு முன்பே வந்து, மெரூன் சேலையும் வெள்ளை ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தார். நான் பக்கத்து நாற்காலியை விட்டு அதற்கடுத்ததில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து அக்கா நேரே பார்த்தபடி, "பாஸ்போர்ட் பத்திரமா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

பலெர்மோ போய்ச் சேரும்வரை பேச்சு அதோடு முடிந்தது.

பலெர்மோவில் எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. வீட்டுக்காரி கார்மேலா மூன்றாவது மாடியில் குடியிருந்தார். ஐம்பது வயது இருக்கும், வாயில் சிகரெட். பால்கனியிலிருந்து ஒரு கூடையைக் கயிற்றில் கட்டிச் சாவியை இறக்கினார். அக்காவின் பெட்டி அசைக்க முடியாத கனம். என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரே சந்தில் வைத்துத் திறந்து, உள்ளேயிருந்து துண்டில் சுற்றிய ரைஸ் குக்கரை எடுத்தார். ஐந்து கிலோ அரிசியும் வெளியே வந்தது. இரண்டையும் கூடையில் வைத்து, மேலே பார்த்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் கைகாட்டினார். கார்மேலா ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்தார். ரைஸ் குக்கர் பலெர்மோ வானத்தில் ஆடி ஆடி ஏறியது. எதிர் வீட்டு ஜன்னல்களிலிருந்து கைதட்டினார்கள்.

மூன்றாவது மாடியில் கார்மேலா எங்களை நிறுத்தினார். மேலே போகும் படிக்கட்டைக் காட்டி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் போனில் மொழிபெயர்ப்பை நீட்டினேன். அது தமிழில் தெளிவாகச் சொன்னது: "நான்காவது மாடியில் அவள் நேற்று எரிந்து போனாள்."

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தோம்.

"யாரு, இவ பொண்ணா?" என்றார் அக்கா.

"தெரியலையே."

அக்கா கார்மேலாவின் தோளைத் தொட்டு, துக்க வீட்டில் சொல்வதுபோல் 'ச்சொச்சொச்சொ' என்றார். கார்மேலா குழம்பிப்போய் உள்ளே சென்று, கையில் ஒரு புது பல்போடு வந்தார். எரிந்து போனது படிக்கட்டு விளக்கு. பிடித்திருந்த கையை இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

வீட்டுக்குள் போனால் ஓர் அறைதான். ஒரே ஒரு கட்டில். சுந்தருக்கு போன் போட்டேன்.

"ஆமா, நாங்க வரலைன்னதும் சின்ன வீடா மாத்திட்டேன். ஒரு ரூம் எதுக்கு சும்மா கெடக்கணும்? பாதி திரும்ப வந்திருச்சு, பாத்தியா?" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

அந்தக் கட்டில் நடுவில் பள்ளம். இரண்டு ஓரத்தில் படுத்தவர்கள் காலையில் நடுப்பள்ளத்தில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு எழுந்தோம். அதைப் பற்றியும் இரண்டு பேரும் பேசவில்லை.

இரண்டாவது நாள் சந்தைக்குப் போனோம். அல் ஐனில் பல வருடமாகக் கண்ணாடி போட்ட, ஏசி வைத்த கடைகளில் தள்ளுவண்டி உருட்டிக் காய் வாங்கிக்கொண்டிருப்பவள் நான். இந்தச் சந்தையிலோ எல்லோரும் சத்தமாக இருந்தார்கள். மீன்காரன் பாடுகிறான், கத்தரிக்காய்க்காரன் அவனைத் திட்டுகிறான், நடுவில் ஸ்கூட்டரில் ஒருவன் ஏணியோடு போகிறான். அக்கா முகம் முதல்முறையாகத் தெளிந்தது. ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்த்தார். கடைக்காரன் கத்தினான். அக்கா சங்கரன்கோவில் தமிழில் திருப்பிக் கத்தினார். அவன் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு காய் சேர்த்துப் போட்டான்.

ஒரு வண்டியில் கடலைமாவை அடைபோல் வெட்டி எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பஜ்ஜிக்கு அண்ணன் மகன் என்று சொல்லலாம். அக்கா ஒரு வேண்டுதலுக்காகக் கவிச்சியை விட்டவர், அதனால் இது சரியாக இருக்கும் என்று இரண்டு வாங்கினேன். அதே வண்டியின் மறுபக்கம் ஒரு தவலையில் கன்றுக்குட்டி மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கி, அதையும் அதே ரொட்டியில்தான் வைக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது. அக்கா வாயைத் திறக்கும்போதுதான் அவருடைய ரொட்டியின் ஓரத்தில் கறுப்பாக, பளபளப்பாக ஒன்று தொங்குவதைப் பார்த்தேன்.

ஒரு நொடி யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்த ஒரு நொடியில் சாம்பார் ஞாபகம் வந்தது. அதற்கடுத்த நொடி அவர் கையில் ஓங்கி ஒரு அடி. ரொட்டி பறந்து மீன்காரன் ஐஸ் மேல் விழுந்தது.

"என்ன பண்ற நீ?"

"அது மண்ணீரல்க்கா!"

அக்கா ரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாயில படலையே?" என்று என்னிடமே கேட்டார்.

"படல."

"அப்ப சரி. எனக்கு ஒண்ணு வேற வாங்கு. நீ பாத்து வாங்கு."

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடை வாசலில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தொங்குவதைப் பார்த்து இரண்டு பேரும் நின்றுவிட்டோம். கொத்தமல்லி ஒரு கட்டு போதும் என்றேன் நான். இரண்டு வேண்டும் என்றார் அக்கா. ஒன்று, இரண்டு என்று குரல் ஏறும்போது உள்ளிருந்து ஒருவர், "சண்டை பிடிக்காதைங்கோ, ரெண்டாவது கட்டு நான் சும்மா தாறன்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் யோகன். முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறாராம். கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம், பக்கத்தில் ரோஜா முடி சூடிய ஒரு பெண் சாமி.

"இது ஆரெண்டு பாக்கிறியளோ? ரொசாலியா அம்மா. இந்த ஊருக்குக் காவல். மலையில குகைக்குள்ள இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமையில எங்கட சனம் எல்லாம் போறவை. சைவமோ கிறிஸ்தவமோ எண்டு பாக்கிறேல்ல. நாளைக்கு ஞாயிறுதானே, ஒருக்கா போட்டு வாங்கோ."

"நேந்துக்கிட்டா நடக்குமா?" என்றார் அக்கா.

"நடக்கும். பஸ் மட்டும்தான் நடக்காது" என்றார் யோகன்.

அன்று சாயங்காலம் அக்கா குக்கரில் சாதம் வைத்தார். நான் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. டப் என்றது. எங்கள் வீடு இருண்டது. கார்மேலா மெழுகுவர்த்தியும் சிகரெட்டுமாக ஏறி வந்து, சுவரில் ஒரு பெட்டியைத் திறந்து, குக்கரையும் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒவ்வொன்றாகக் காட்டி, ஒரு விரலை நிமிர்த்தினார். ஒரு நேரத்தில் ஒன்றுதான். வெந்த வரை எடுத்து, அக்கா கொண்டுவந்த புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னதை போன் இப்படிச் சொன்னது: "என் கணவர் உயிரோடிருந்தால் உங்களை வீட்டை விட்டு அனுப்பமாட்டார். ஆகவே அவர் இறந்தது நல்லது." அக்காவுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தலையில் தட்டிவிட்டது நான்தான்.

மூன்றாவது நாள் மலைக்குப் புறப்பட்டோம். பஸ் வந்தது, ஏறினோம், உட்கார இடமும் கிடைத்தது. இரண்டு தெரு தாண்டியதும் நின்றுவிட்டது. குறுகலான திருப்பத்தில் யாரோ காரைக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் மொத்தமும் ஜன்னல் வழியே கத்தியது. அல் ஐனாக இருந்தால் அந்தக் கார் நின்ற நாலாவது நிமிடம் அபராதம் சுந்தர் போனுக்கு வந்திருக்கும். இங்கே ஒரு பாட்டி இறங்கி, எதிரே இருந்த தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த பையன் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினான். "கார்க்காரர் உள்ளே பூசையில் இருக்கிறார். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நடுவில் எழுந்து வந்தால் பாவம்." டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் காபி குடிக்கப் போனார். யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு அக்கா, "நடப்போம்" என்றார்.

மலை அடிவாரம் வரை நடந்தோம். அங்கிருந்து கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. எங்கள் ஊரில் ஜெபல் ஹஃபீத் என்று ஒரு மலை உண்டு. உச்சிவரை காரில் போய், காரிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு இறங்குவோம். இங்கே கைப்பிள்ளைக்காரிகள்கூட ஏறினார்கள். சிலர் வெறுங்காலோடு. எங்களைத் தாண்டிப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தில் அம்மா யாழ்ப்பாணத் தமிழில் திட்ட, மகள் இத்தாலியனில் பதில் சொல்லிக்கொண்டு போனாள்.

நாலாவது திருப்பத்தில் அக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"முன்னல்லாம் இப்படி மூச்சு வாங்காது. ஆபரேசனுக்குப் பொறவுதான்."

"என்ன ஆபரேஷன்?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாத மாதிரி கேக்கியே."

"சத்தியமா தெரியாதுக்கா."

"கர்ப்பப்பைய எடுத்தாகல்லா, போன வருசம். ரத்தம் நிக்காம போயி, ஒம்பது நாளு ஆசுபத்திரியில கெடந்தேன். இவுக குரூப்புல போட்டாகளே. எல்லாரும் போன் பண்ணுனாக."

"நான் குரூப்புல இல்லையேக்கா."

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். பிறகு, "சுந்தரு வந்து நாலு நாளு இருந்தாரே" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. போன வருடம் சுந்தர் மஸ்கட்டில் கம்பெனி ட்ரெயினிங் என்று போனார். திரும்பும்போது ஓமான் அல்வா வாங்கி வந்தார். நான் அதைத் தின்றுகொண்டே, ட்ரெயினிங் எப்படி இருந்தது என்று கேட்டேன். 'ரொம்பக் கஷ்டம்' என்றார்.

"அவர் என்கிட்ட சொல்லல" என்றேன்.

"நீ அங்கேருந்து காருல ஏறுனா நாலரை மணி நேரம்" என்றார் அக்கா, கடலைப் பார்த்துக்கொண்டு. "அந்த ஆசுபத்திரிக் கதவு தொறக்குதப்பல்லாம் நீதான் வாரியோன்னு பாத்தேன். நர்சு வருவா. சரி, சாம்பாருக்கு இம்புட்டுக் கோவமான்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அழுதேன். ஏறிவந்த ஓர் இத்தாலியக் கிழவர் என் தோளில் தட்டி, உச்சி பக்கம்தான் என்று கைகாட்டிவிட்டுப் போனார். மலை ஏற முடியாமல் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அங்கேயே சுவரில் உட்கார்ந்து சுந்தருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அக்கா தன் போனில் தன் கணவரைக் கூப்பிட்டு அதையும் ஸ்பீக்கரில் வைத்தார். இரண்டு போனும் சுவரின் மேல் பக்கம் பக்கமாக இருந்தன.

"போன வருஷம் மஸ்கட்ல என்னங்க ட்ரெயினிங்?" என்றேன்.

என் போன் இருமியது.

"அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னான்" என்றது என் போன். "ஏற்கெனவே பிரச்சினை, மேல பெரிசாகும்னு..."

"ஏலே, நானா சொன்னேன்? நீதானல சொன்ன, அவ வந்தா ஆசுபத்திரியில வச்சு சண்ட வரும்னு!" என்றது அக்காவின் போன்.

"சண்டையா? படுத்துக்கெடக்கவகிட்ட வந்து சண்ட போடுவாளா அவ?" என்று அக்கா சுவரைத் தட்டினார். "இவ என்ன அம்புட்டு கெட்டவளா?"

அதற்குப் பிறகு கால்மணி நேரம் நானும் அக்காவும் மாறி மாறிப் பேசினோம். நான் மூச்சு வாங்கும்போது அவர் எடுத்துக்கொண்டார், அவர் நிறுத்தும்போது நான். மூன்று வருடமாகப் பேசாதவர்களுக்கு அந்த ஒத்திசைவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. இரண்டு போனும் 'சரி', 'தப்புதான்', 'வைக்கட்டுமா' என்ற மூன்று சொற்களையே சொல்லிக்கொண்டிருந்தன.

போனை வைத்த பிறகு அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சாம்பாரப் பத்தி நான் சொன்னது..."

"விடுங்கக்கா."

"இல்ல. நெசமாவே ஒனக்கு வைக்க வரல. ஆனா குரூப்புல போயிருக்கக் கூடாது."

நான் அவருக்குக் கை கொடுத்துத் தூக்கினேன். மிச்ச மலையைப் பிடித்த கையை விடாமல் ஏறினோம்.

குகைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பக்தர்கள் தலையில் விழாமல் இருக்க மேலே தகரக் கால்வாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறார்கள். அக்கா அந்தக் கால்வாய்கள் இல்லாத இடமாகத் தேடிப்பிடித்து, தலையில் இரண்டு சொட்டு விழும்வரை நின்றார். என்னையும் இழுத்து நிறுத்தினார். பிறகு கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டார்.

"என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?"

"எறங்கும்போதாவது பஸ் வரணும்னு."

வந்தது. அம்மா சக்தியுள்ளவர்தான்.

நாலாவது நாள் காலை. அந்த ஊரில் பன்னைப் பிளந்து உள்ளே ஐஸ்கிரீமை வைத்துக் காலைப் பலகாரமாகவே சாப்பிடுகிறார்கள். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாங்களும் சாப்பிட்டோம். காபி ஒரு பாலாடை அளவுக்கு வந்தது. "இது மருந்தா, காபியா?" என்று அக்கா இன்னும் மூன்று வாங்கி ஒரே டம்ளரில் ஊற்றிக்கொண்டார். கடைக்காரர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி எச்சரித்தார்.

பன்னில் பாதி முடிந்தபோது அக்கா சொன்னார். "ஜூன்ல நாங்க ஊருக்கே போறோம். இவுக எடத்துக்கு அந்த நாட்டு ஆளை எடுக்காக. நோட்டீசு வந்துட்டு."

"எப்ப வந்துச்சு?"

"டிக்கெட்டு எடுக்கதுக்கு முந்தின வாரம். அதுக்காவதான் இந்த ட்ரிப்பே. போறதுக்கு முந்தி ஒருதடவ நாம நாலு பேரும் சேந்து இருக்கணும்னு இவுகளுக்கு." பன்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கோவில்பட்டியில போயி நான் என்ன செய்யன்னு தெரியல கலா. பையன் கோயம்புத்தூர்ல படிக்கான். பதினெட்டு வருசம் அந்த ரூவி வீட்டுலயே இருந்துட்டேன்" என்றார். ஐஸ்கிரீம் உருகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

விமானம் மாறும் இடத்தில் பிரிந்தோம். அவருடைய வாசல் இடதுபக்கம், என்னுடையது வலதுபக்கம். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார்.

"மே மாசம் சாமான் கட்டணும். பத்து நாளு வந்து இருப்பியா?"

"லீவு கெடைக்குமான்னு கேட்டுப் பாக்கறேன்க்கா."

"கேட்டுப் பாக்காத. எடு."

எடுத்தேன். அல் ஐனிலிருந்து பஸ்ஸிலேயே போனேன். பத்து நாளும் பழைய செய்தித்தாளில் டம்ளர் சுற்றினோம். எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று தினமும் சண்டை. காது உடைந்த வாணலிக்காக ஒரு முழு மத்தியானம் வாதாடினோம். கடைசி நாள் கார்கோ வண்டியில் ஏற்ற வந்த பாகிஸ்தான் பட்டான், "கித்னா பீஸ்?" என்று உருப்படிக் கணக்குக் கேட்டான். நான் முப்பத்திரண்டு என்றேன், அக்கா முப்பத்து நாலு என்றார். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "கலாஸ், தீதி" என்று, போதும் தாயே என்பதுபோல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவனே எண்ணிக்கொண்டான்.

வண்டி போன பிறகு வீட்டில் மிஞ்சியது ஒரு பாயும் இரண்டு டம்ளரும். பேசினால் எதிரொலித்தது. கீழே ரூவித் தெருவில் டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என்னைக் கூட்டிப்போக சுந்தரும் வந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் டீ வாங்கப் போயிருந்தார்கள்.

"அடுத்த வருசம் எங்க போலாம்?" என்றார் அக்கா.

"நாலு பேருமா?"

"அவுக எதுக்கு?"

போனில் விமான டிக்கெட் தேடும் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். போகும் இடத்தில் லிஸ்பன் என்று போட்டார். புறப்படும் இடத்தில் மஸ்கட் என்று அதுவாகவே வந்து நின்றது. விரலை அதன்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, மதுரை என்று அடித்தார்.

"வெல கூடக் காட்டுதே" என்றார்.

"தேதிய மாத்திப் பாருங்கக்கா" என்று நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.